பொறுக்கினது சரி, எண்ணினீர்களா?

சிரமதானம் என்றால் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குப் பதாகை கட்டப்படும். அந்தப் பதாகையே பிளாஸ்ரிக். பிறகு கையுறை, தொப்பி, பிரமுகர் ஒருவரின் உரை. ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொரு மணிக்குள் கொஞ்சம் உரப்பைகளில் கஞ்சலை நிரப்பி, அதற்குப் பின்னால் வரிசையாக நின்று படம் எடுப்போம். சோடாவும் ரோல்ஸும் வரும். ரோல்ஸ் பொலித்தீனில் சுற்றியிருக்கும். மத்தியானம் படம் முகநூலில் ஏறும். உரப்பைகள் வீதியோரத்திலேயே நிற்கும். இரண்டு நாளில் நாய் இழுக்கும், மாடு கிழிக்கும். மூன்றாம் கிழமை அதே மதகு, அதே பற்றை, அதே கஞ்சல்.

இதைச் சொன்னவுடன் "அப்ப என்ன, பொறுக்க வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?" என்று கேட்பார்கள். இல்லை. பொறுக்க வேணும். நாங்களும் பொறுக்கிறம், இனியும் பொறுக்குவம். அச்சுவேலியில் மழைக்கு முதல் ஒரு வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கினால், அந்த ஒழுங்கையில் அந்த மாரிக்குத் தண்ணி தேங்காது. அது சின்ன விசயமில்லை. வீட்டில் ஃபோன் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்களை விட, வெய்யிலில் குனிந்து யோகட் கப் பொறுக்குகிற பள்ளிக்கூடப் பிள்ளை ஆயிரம் மடங்கு மேல்.

எங்கள் சண்டை வேறு. எண்ணாமல் பொறுக்குவது என்பது, ஒருவர் காசு உழைத்துவிட்டு விட்டுப்போன மிச்சத்தை இன்னொருவர் சம்பளமில்லாமல் துடைத்துக் கொடுப்பது. அதே உரப்பையைக் கட்டுவதற்கு முன் நிலத்தில் கவிழ்த்துக் கொட்டி, உள்ளே என்ன கிடக்கிறது, எந்தக் கம்பனியின் பெயர் போட்டிருக்கிறது, எந்தச் சட்டத்தின்படி இது சந்தையிலேயே இருக்கக்கூடாது என்று எழுதி வைத்தால், சிரமதானம் ஒரு சாட்சியமாகிறது. குப்பையைக் காணாமல் ஆக்குவது மட்டும் போதாது. அது எங்கேயிருந்து வந்தது என்று எல்லாரும் காணும்படி செய்யவேண்டும். இதுதான் நாங்கள் சொல்ல வருகிறது.

அச்சுவேலிக் கஞ்சல் எங்கே போகும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. குடிக்கிறதும் குளிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் நிலத்தடித் தண்ணி. அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது. சுண்ணாம்புக்கல் ஆற்றுமணலைப் போல ஆறுதலாக வடித்து அனுப்பாது. அதில் வெடிப்பும் பொந்தும் குகையும் இருக்கும். மேலே ஊற்றினது கெதியாகக் கீழே போய்விடும். இதை விளங்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழம் போகப்போக உவர். அந்த மேல் தண்ணி மழை தந்தது. குடாநாடு முழுக்க எங்கள் கிணறுகளின் கதையும் இதுதான்: உவர்த் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிற ஒரு படை நல்ல தண்ணி. அதற்கு மேலேதான் நாங்கள் கிடங்கு வெட்டிக் கஞ்சல் கொட்டுகிறோம், கொளுத்துகிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததும், 2014, 2015 காலத்தில் அதற்காகச் சனம் வீதிக்கு இறங்கியதும் மறக்கிற விசயமா? ஒரு கிணறு கெட்டால் அது ஒரு வளவோடு நிற்காது என்பதை அப்போதே படித்துவிட்டோம்.

மற்றப் பக்கம் திரும்பினால் வல்லை வெளியும் தொண்டைமானாறு நீரேரியும். மாரியில் ஊர் வாய்க்கால்களில் அள்ளுப்படுகிறது எல்லாம் கடைசியில் தாழ்ந்த இடத்தைத் தேடித்தான் போகும். அந்த நீரேரியைச் சும்மா ஒரு உப்புத்தண்ணிக் குட்டையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று ஒரு திட்டத்தை முன்வைத்தபோது, குடாநாட்டின் நீரேரிகளை நன்னீராக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் வைத்தார். தொண்டைமானாற்றில் கடல் உள்ளே வராமல் தடுப்பணை நிற்பதும் அதற்காகத்தான். எழுபது வருடமாகக் குடாநாடு கனவு காண்கிற ஒரு நன்னீர்த் தேக்கத்துக்குள், வான் யன்னலால் சோற்றுப் பார்சலை எறிந்துவிட்டுப் போகிறோம்.

பிறகு டெங்கு. மழை விட்டு மார்கழி, தை வந்தால் ஆஸ்பத்திரி வாட்டுகள் நிறைகிற கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. டெங்கு நுளம்புக்குக் குளம் தேவையில்லை. ஒரு யோகட் கப், ஒரு ரயர், பாதி திறந்த ஒரு சிரட்டை போதும். வளவுக்குள் கொளுத்துகிற பழக்கமோ இன்னும் மோசம். பொலித்தீன் புகை மூக்குக்குத் தெரிகிற அளவுக்கு நாற்றம் குறைந்தவுடன் "எரிஞ்சு முடிஞ்சுது" என்று நினைக்கிறோம். அது முடிவதில்லை. புகையில் ஒரு பங்கு நெஞ்சுக்கும், சாம்பலில் ஒரு பங்கு கிணற்றடிக்கும் போகிறது.

ஆகவே பொறுக்குவது அழகுக்காகச் செய்கிற வேலை என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். இது தண்ணியின் கதை, காய்ச்சலின் கதை.

'சனத்துக்கு அறிவில்லை' என்ற பொய்

எந்தச் சிரமதான உரையைக் கேட்டாலும் ஒரு வசனம் தவறாமல் வரும். "எங்கட சனத்துக்கு அறிவில்லை, மனநிலை மாறவேணும்." இந்த வசனத்தோடு எங்களுக்குக் கடும் பகை.

ஜேர்மனியில் இருக்கிற மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2003ஆம் ஆண்டிலிருந்து ஒருமுறை பாவிக்கிற குடிபானப் போத்தலுக்கும் ரின்னுக்கும் 25 சென்ட் முற்பணம். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். மாமா வெறும் போத்தலைப் பையில் சேர்த்துக் கட்டி, சனிக்கிழமை சுப்பர்மார்க்கெற்றுக்குக் கொண்டுபோய் மெசினுக்குள் ஒவ்வொன்றாகப் போடுவார். சூரிச்சில் இருக்கிற சித்தி 1993இலிருந்து மாநகரசபைக்குரிய குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்கித்தான் குப்பையை வெளியே வைக்கலாம். அதனால் காகிதத்தை வேறாக, போத்தலை வேறாக, கச்சிதமாகப் பிரிப்பா. அதே மாமாவும் சித்தியும் ஓகஸ்டில் ஊருக்கு வருவினம். சந்நிதிக்குப் போகிற வழியில், அச்சுவேலி தாண்டினவுடன், வான் யன்னல் திறக்கும். தண்ணிப் போத்தல் பறக்கும்.

இரண்டு இடத்திலும் அதே ஆள், அதே மனநிலை. விமானம் ஏறி இறங்கும் பத்து மணித்தியாலத்தில் ஒருவருக்கு அறிவு குறைவதில்லை. அங்கே போத்தலுக்கு ஒரு விலையும், திருப்பிக் கொடுக்க ஒரு இடமும் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை.

இன்னும் பின்னால் போவோம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எங்கள் அம்மா அப்பாமாரைக் கேளுங்கள். வெறும் ஜாம் போத்தல் விளக்கானது. அதில் ஒரு சொட்டு மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். வெறும் போத்தலைக் கண்டால் கழுவி வைப்பார்கள், எறியமாட்டார்கள். அந்தக் காலத்தைப் புகழ்வது எங்கள் நோக்கமில்லை. அது திணிக்கப்பட்ட வறுமை, அதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றை அது நிரூபிக்கிறது: கஞ்சல் போடுவது எங்கள் இரத்தத்தில் ஊறின குணம் இல்லை.

இப்போதும்கூடப் பாருங்கள். எந்த வீதியிலாவது செப்புக்கம்பி கிடக்கிறதா? பழைய இரும்பு கிடக்கிறதா? கிடக்காது. ஏனெண்டால் சைக்கிளில் வருகிற பழைய இரும்புக்காரர் அதற்குக் காசு தருவார். வெறும் சாராயப் போத்தலைக்கூடப் பத்தைக்குள் இருந்து யாரோ ஒருவர் எடுத்துப் போயிருப்பார். ஷாம்பு பக்கற் மட்டும் கிடக்கும், ஏனெண்டால் உலகத்தில் எவருக்கும் அது தேவையில்லை. எறிகிறவரைத் திட்டுவதற்கு முதல், எறிந்தபின் எவருக்கும் தேவைப்படாத ஒரு பொருளை ஆயிரக்கணக்கில் செய்து விற்கிறவரைக் கேள்வி கேட்கவேண்டாமா?

குப்பையை உங்கள் தலையில் கட்டியது யார்?

'குப்பை போடுகிறவன்தான் குற்றவாளி' என்ற கதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் வேர்மொன்ட் மாநிலம் 1953இல் திருப்பிக் கொடுக்கமுடியாத போத்தலில் பியர் விற்பதைத் தடைசெய்தது. வீதியோரப் புல்வெளியில் போத்தல் சிதறிக் கிடந்து மாடுகள் காயப்படுகிறதென்று விவசாயிகள் முறையிட்டதுதான் காரணம். அதே ஆண்டு, ரின்னும் போத்தலும் செய்கிற கம்பனிகளும் குடிபானக் கம்பனிகளும் சேர்ந்து 'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. அது சொன்ன செய்தி மிக எளிமையானது: பிரச்சினை போத்தல் இல்லை, அதை எறிகிற ஆள். வேர்மொன்ட் சட்டம் 1957இல் காலாவதியானது. 1971இல் அதே அமைப்பு, குப்பையைப் பார்த்து ஒரு பூர்வகுடி மனிதர் கண்ணீர் விடுகிற விளம்பரத்தை வெளியிட்டது. அந்த நடிகரே பூர்வகுடி இல்லை, இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது பிறகு தெரியவந்தது. சனத்தைக் குற்றவுணர்ச்சியில் அழவைத்துக்கொண்டே, போத்தலுக்கு முற்பணம் வைக்கிற சட்டங்களை அந்தத் தொழில்துறை மாநிலம் மாநிலமாக எதிர்த்தது. அப்படியிருந்தும் ஒரேகன் மாநிலம் 1971இல் சட்டத்தை நிறைவேற்றியது.

எங்கள் ஊர்ப் பதாகைகளில் இருக்கிற 'மனநிலை மாற்றம்' எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். கொழும்பில் 2025 ஜனவரி 1இல் 'கிளீன் சிறிலங்கா' தொடங்கியபோதும் இதே வாசனைதான். செயலணியில் சிறுபான்மையினர் இல்லை என்று விமர்சனம் எழுந்தது ஒருபக்கம். மறுபக்கம், சனத்தின் கண்ணில் முதலில் பட்டது பஸ்ஸிலும் ஓட்டோவிலும் தொங்கின அலங்காரங்களைப் பொலிஸ் கழற்றியதுதான். ஓட்டோக்காரரைப் பிடிப்பது சுலபம். பக்கற் செய்கிற தொழிற்சாலையின் கதவைத் தட்டுவது கஷ்டம்.

உரப்பைக்குள் என்ன இருக்கிறது?

இனி எண்ணுவதற்கு வருவோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பிலிப்பைன்ஸில் மணிலாக் குடாவில் 2017இல் கடற்கரை துப்புரவு செய்தவர்கள் பொறுக்கிய ஒவ்வொன்றிலும் இருந்த கம்பனிப் பெயரைக் குறித்தார்கள். அந்த வழக்கம் பரவியது. 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தன்னார்வலர்கள் எண்ணியதை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. பொறுக்கியதில் பாதிக்கு மேலே எந்தக் கம்பனியுடையது என்று கண்டுபிடிக்கமுடியாமல் இருந்தது. பெயர் தெரிந்ததில் பாதிக்கு மேல் 56 கம்பனிகளுடையது. கொக்கா கோலா மட்டும் 11 வீதம். ஐந்து வருடமாகக் கடற்கரையிலும் சந்தியிலும் குனிந்து நின்ற சாதாரணச் சனத்தின் கொப்பிகளிலிருந்துதான் இந்தக் கணக்கு வந்தது. அவர்கள் வெறுமனே கூட்டி அள்ளியிருந்தால் இந்தக் கணக்கே இல்லை.

எங்கள் பக்கத்து உரப்பையைக் கவிழ்த்தால் என்ன விழும் என்று பார்க்க அதிக தூரம் போகத் தேவையில்லை. சந்திப் பக்கம் என்றால் சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல், யோகட் கப், பிஸ்கற் உறை, பால்மாப் பை, பியர் ரின், சொப்பிங் பை. சாப்பாட்டுக்கடைகளுக்குக் கிட்ட என்றால் லஞ்ச் சீற். ஒழுங்கை முடிவில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், பிள்ளைகளின் பம்பேர்ஸ். தோட்டக்காணி வரம்பில் கிருமிநாசினிப் போத்தல். கம்பனிப் பெயர்களைப் பார்த்தால் ஒரு நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் பட்டியலோடு சட்டத்தை வைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தபிறகு, அந்த வருடம் செப்ரெம்பரில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன. ஆகவே அந்த உரப்பையில் ஒரு லஞ்ச் சீற் கிடந்தால் அது குப்பை மட்டுமில்லை, சட்டமீறல். எந்தக் கடை, எங்கே வாங்கினது, யார் இன்னும் விற்கிறார்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 2021இல் இன்னொரு தடை வந்தது. 20 மில்லி லீற்றரோ 20 கிராமோ அதற்குக் குறைந்த சின்னப் பக்கற்றுகள் தடை, ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. அந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரியவேண்டுமா? உரப்பையில் ஷாம்பு பக்கற் எத்தனை, தின்பண்டப் பக்கற் எத்தனை என்று வேறு வேறாக எண்ணுங்கள். அதே தடையில் விவசாய இரசாயனங்களைப் பெற், பிவிசி கொள்கலன்களில் அடைப்பதும் நிறுத்தப்பட்டது. அப்படியானால் தோட்ட வரம்பில் கிடக்கிற போத்தல் எந்த வருடத்தது, எந்த வகைப் பிளாஸ்ரிக்? அடியில் இருக்கிற முக்கோணத்தையும் இலக்கத்தையும் திகதியையும் பார்க்கப் பத்து வினாடி போதும்.

இது எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. கணிதமும் விஞ்ஞானமும் குடியியலும் ஒரே உரப்பைக்குள் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டத்தான் விடுகிறோம், எண்ண விடுவதில்லை.

சட்டப்படி இது யாருடைய குப்பை?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94ஆம் பிரிவுகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீதிக் கஞ்சலையும் வீட்டுக் கஞ்சலையும் அகற்றுவது சபையின் கடமை. சபை சேர்த்தெடுத்த கஞ்சல் சபையின் சொத்து, அதை விற்கவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. 'சொத்து' என்று சட்டமே சொல்கிறது. நாங்களோ அதை வெட்கக்கேடு மாதிரி ஒளித்துக்கொண்டு திரிகிறோம்.

2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளுக்குத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் சிரமதானத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அதற்கு உடனே ஓம் சொல்வார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: எந்த ஒழுங்கைக்கு எந்த நாள் உழவுஇயந்திரம் வரும்? பிரித்துக் கொடுத்தால் பிரித்தபடியே ஏற்றுகிறீர்களா, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டுகிறீர்களா? மீள்சுழற்சிக்கு விற்று எவ்வளவு வருமானம் வந்தது? தொழிலாளர்களுக்குக் கையுறையும் சப்பாத்தும் வாங்க எவ்வளவு செலவழித்தீர்கள்? வாய்ப்பேச்சில் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். இது எந்தச் சபைக்கும் எதிரான கோபம் இல்லை. காசும் ஆளும் போதாத சபைகளுக்குக் கணக்கோடு வருகிற சனம் ஒரு பலம். கொழும்பிடம் நிதி கேட்க அவர்களுக்கும் ஆதாரம் கிடைக்கிறது.

கையுறை இல்லாத கை

கையுறை பற்றிக் கேட்டோம். அதில் நின்று பேசவேண்டிய ஒன்று இருக்கிறது.

எங்கள் மொழியில் 'பொறுக்கி' என்றால் வசை. எறிகிறவருக்கு அப்படி ஒரு வசைச்சொல் இல்லை. இது தற்செயலாக நடந்ததென்று நாங்கள் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தெருக்கூட்டுவதும் மலக்கூடம் துப்புரவாக்குவதும் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சில சமூகங்களின் தலையில் சுமத்தப்பட்ட வேலை. அந்தத் தொழிலாளருக்குத் தண்ணி கொடுப்பதென்றால் வேறு கோப்பை தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையே ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டு ஒரு மணித்தியாலம் கூட்டினால் அது 'சமூக சேவை', படத்துக்கு முந்நூறு லைக். வருடம் முழுக்க வெறுங்கையால் கூட்டுகிற ஆள் படத்தில் இல்லை.

இந்தியாவில் 2014 ஒக்ரோபர் 2இல் தூய்மை இந்தியாத் திட்டம் தொடங்கியபோது அமைச்சர்களும் நடிகர்களும் துடைப்பத்தோடு நின்றார்கள். மூன்று வருடம் கழித்து திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர் எந்த நிலையில் வேலை செய்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று தமிழ்நாட்டின் ஊர் ஊராகப் போய்க் காட்டியது. பார்க்காதவர்கள் பாருங்கள். அதற்குப்பிறகு துடைப்பத்தோடு எடுத்த படத்தைப் பதிவேற்ற மனம் வராது.

ஆகவே எங்கள் சிரமதானம் அந்தத் தொழிலாளரின் வேலையை இலேசாக்குகிறதா, கூட்டுகிறதா என்று கேட்டுப்பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, உடைந்த கண்ணாடியையும் பம்பேர்ஸையும் ஒரே உரப்பையில் கட்டி வீதியில் விட்டுப்போனால் அதைப் பிரிக்கப்போகிறது யாருடைய கை? பிரிக்காத சிரமதானம் வேலையை முடிப்பதில்லை, எங்களைவிடக் கீழே என்று ஊர் வைத்திருக்கிற ஒருவரிடம் தள்ளிவிடுகிறது.

'உதெல்லாம் இஞ்ச சரிவராது'

சரிவராது என்று சொல்கிறவர்களில் இரண்டு வகை. ஒன்று, "அது சபையின்ர வேலை, நாங்கள் பொறுக்கினால் அவை இன்னும் சோம்பேறியாவினம்" என்கிறவர்கள். பொறுக்காமல் இருந்து எந்தச் சபையும் உசார் ஆனதாக வரலாறு இல்லை. நுளம்பு சபைக் கூட்டம் முடியும்வரை காத்திருக்கவும் மாட்டாது. நாங்கள் பொறுக்குவது அவசர வேலை, எண்ணிக் கொடுப்பது நிரந்தர வேலை. இரண்டும் வேணும்.

மற்றது, "இந்தச் சின்ன ஊர் பெரிய கம்பனியோட மோதேலுமோ?" என்கிறவர்கள். இவர்களுக்கு நீலகிரியைக் காட்டுகிறோம். டாஸ்மாக் மதுப்போத்தல்கள் காட்டுக்குள் உடைந்து கிடந்து யானைகளின் கால் கிழிகிறது என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022இல் நீதிமன்றத்தின் உத்தரவோடு, போத்தலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாவைத் திருப்பிக் கொடுக்கிற முறை நீலகிரியில் தொடங்கியது. போத்தல்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. குடிகாரருக்கு எவரும் சுற்றாடல் வகுப்பு எடுக்கவில்லை. பத்து ரூபா போதுமாக இருந்தது. தமிழ் பேசுகிற ஊரில், அரச கடையில், இது நடந்தது. இங்கே தண்ணிப் போத்தலுக்கும் சோடாப் போத்தலுக்கும் இதை ஏன் கேட்கக்கூடாது?

சில விசயங்களுக்குக் கம்பனியும் தேவையில்லை, கொழும்பும் தேவையில்லை. அன்னதானத்துக்குப் பெயர்போன செல்வச்சந்நிதி எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயில்களில் வாழையிலையும் தாமரையிலையும் பாவித்த சனம் நாங்கள். தண்ணீர்ப்பந்தலில் செம்பும் மூக்குப்பேணியும் இருந்த இடத்தில் இன்றைக்குப் பிளாஸ்ரிக் கப் மலையாகக் கிடக்கிறது. கலியாண வீட்டில் ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு தண்ணிப் போத்தல், பாதி குடித்து மீதி விட்டபடி. கோயில் நிர்வாகசபையிலும் மண்டபக் கூட்டத்திலும் இருக்கிறவர்கள் எங்கள் பெரியப்பாமார், மாமாமார்தான். அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கடற்கரையில் போய்ப் பொறுக்குவதில் என்ன வீரம்? பனை ஓலைப் பெட்டியும் கடகமும் இன்னும் பின்னத் தெரிந்த ஆச்சிமார் இருக்கினம். அவர்களுக்கு நினைவுப்பரிசு கொடுத்துக் கௌரவிக்கிறதை விட்டுவிட்டு, உரிய விலை கொடுத்து ஓடர் கொடுங்கள்.

ஆகவே அச்சுவேலியிலும் அயலிலும் இருக்கிற விளையாட்டுக் கழகங்கள், வாசிகசாலைகள், பள்ளிக்கூடச் சுற்றாடல் கழகங்கள் எல்லாவற்றிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பொறுக்குகிற ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இடம், திகதி, பொருள், கம்பனி, எண்ணிக்கை. தடைசெய்யப்பட்ட பொருளை வேறு பக்கத்தில் எழுதுங்கள். ஈரக்கழிவு, போத்தல், மற்றது என்று மூன்றாகப் பிரித்துக் கட்டுங்கள். வண்டி எந்த நாள் வரும் என்று முதலே சபையோடு பேசி, அந்த நாளுக்கே சிரமதானத்தை வையுங்கள். உரப்பை வண்டியில் ஏறும்வரை வீட்டுக்குப் போகாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொப்பியின் பிரதியைச் சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும், அதிகமாகப் பெயர் வந்த கம்பனிகளுக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையும் ஒட்டுங்கள்.

பதாகை கட்டவேண்டாம். அந்தக் காசுக்குத் தொழிலாளருக்கு நல்ல கையுறை வாங்கலாம்.

அடுத்த மாரிக்கு முதல் எங்கேயாவது சிரமதானம் வைத்தால் எங்களையும் கூப்பிடுங்கள். உரப்பையோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வருவம்.